ஹாஷிம்புரா வழக்கு: 2015-ல் விடுதலை, 2018-ல் ஆயுள் தண்டனை. நடுவில் என்ன மாறியது?

சட்டமாணவி:
வணக்கம். சட்டக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வகுப்பில் ஹாஷிம்புரா பற்றிப் பேச வேண்டும். 1987 மே 22, மீரட் கலவர நேரம். உத்தரப் பிரதேச ஆயுதப் போலீஸான பிஏசி, ஹாஷிம்புராவில் நாற்பதுக்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களை லாரியில் ஏற்றிப்போய், முராத்நகர் கங்கைக் கால்வாயிலும் அப்புறம் மக்கன்பூர் பக்கத்திலும் சுட்டுத் தண்ணீரில் தள்ளியது. 2015 மார்ச்சில் டெல்லி விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட பிஏசி ஆட்கள் 16 பேரை விடுவித்தது. 2018 அக்டோபர் 31-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அதே 16 பேருக்கும் ஆயுள் தண்டனை கொடுத்தது. உயிர் பிழைத்து வந்து சாட்சி சொன்னவர்கள் அதே ஆட்கள்தானே? பிறகு எப்படி? சுட்டதே போலீஸ் என்றால் குடும்பங்கள் யாரிடம்தான் போவது?

பழைய வக்கீல்:
அம்மா, முப்பது வருஷத்துக்கு மேல் கிரிமினல் பக்கம் நின்றவன் நான். இந்த வழக்கை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

2015 தீர்ப்பும் கொலை நடக்கவில்லை என்று சொல்லவில்லை. லாரியில் வந்தவர்கள் இந்த 16 பேர்தான் என்று நிரூபணமாகவில்லை, அதனால் சந்தேகத்தின் பலன் என்றது. ராத்திரி நேரம், தலையில் ஹெல்மெட். குண்டடி பட்டுச் செத்தவன்போலக் கிடந்து தப்பித்தவன் யார் முகத்தைப் பார்த்து வைத்திருப்பான்? அவனிடம் அடையாளம் கேட்பதே அநியாயம். யாரை எந்த வண்டியில் எங்கே அனுப்பினோம் என்று எழுதி வைப்பது போலீஸின் வேலை. அதற்குத்தான் ஜி.டி., அதாவது பொது நாட்குறிப்பு இருக்கிறது.

அந்த நாட்குறிப்பை முறையாக நிரூபித்து வைக்காமலே விசாரணை முடிந்துபோனது. மேல்முறையீட்டில் தேசிய மனித உரிமை ஆணையம் உள்ளே வந்து கூடுதல் சாட்சியம் கேட்டது. 2018-ல் வயதான ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர் கூண்டில் ஏறி அந்தப் பதிவுகளை நிரூபித்தார். அதில் அன்று பணியில் இருந்த பிஏசி ஆட்களின் பெயர்கள் இருந்தன. நீதிபதிகள் எஸ். முரளிதர், வினோத் கோயல் அமர்வு, ஆயுதமில்லாத ஒரு சமூகத்து ஆட்களைக் குறிவைத்துக் கொன்றது என்றே எழுதியது. (காங்கிரஸ் முன்னாள் எம்.பி. சஜ்ஜன் குமாருக்கு அதே ஆண்டு டிசம்பரில் 1984 சீக்கியர் படுகொலைக்காக ஆயுள் கொடுத்ததும் இதே அமர்வுதான். இரண்டையும் சேர்த்துப் படி.)

அதற்கு முன்னால் நடந்ததுதான் உன் இரண்டாவது கேள்விக்குப் பதில். சம்பவம் நடந்த ராத்திரியே காஜியாபாத் எஸ்.பி. விபூதி நாராயண் ராய் எஃப்.ஐ.ஆர். போட வைத்தார். அது இல்லாவிட்டால் வழக்கே கிடையாது. விசாரணை சிஐடி கைக்குப் போனது. குற்றப்பத்திரிகை வர 1996 ஆனது. காஜியாபாத் கோர்ட் வாரண்ட் மேல் வாரண்ட் போட்டும் ஒருத்தரும் வரவில்லை, 2000-ல்தான் சரணடைந்தார்கள். அந்த ஊரில் நியாயம் கிடைக்காது என்று குடும்பங்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2002-ல் வழக்கு டெல்லிக்கு மாறியது. மாறிய பிறகும் குற்றச்சாட்டு பதிவாக 2006 ஆகிவிட்டது. 2015-ல் விடுதலைத் தீர்ப்பு வந்ததும் குடும்பத்தாரே மேல்முறையீடு செய்தார்கள். 2009 திருத்தத்தில் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 372-ஆம் பிரிவில் பாதிக்கப்பட்டவருக்கு அந்த உரிமை வந்தது. அதற்கு முன் அரசு மனது வைக்கவேண்டும்.

தகவல் கேட்பவன்:
ஐயா விட்ட ஒன்று. 2007 மே மாதம், இருபது வருஷம் முடிந்தபோது, குடும்பத்தாரும் உயிர் பிழைத்தவர்களும் லக்னோ போய் டிஜிபி அலுவலகத்தில் 615 ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு கொடுத்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் அத்தனை வருஷமும் பணியில் இருந்ததும், அவர்களுடைய வருடாந்திர ரகசியக் குறிப்பில் இந்த வழக்கைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததும் அப்போதுதான் வெளியே வந்தது. நான் ஆர்டிஐ மனு எழுதிக் கொடுக்கிறவன். ஒரே மனுவில் எல்லாக் கேள்வியையும் அடைக்காமல், ஆளாளுக்குத் தனித்தனி மனு போடுங்கள் என்று எல்லாரிடமும் சொல்வேன். அத்தனை பேரையும் ஒரே பதிலில் தட்டிக்கழிப்பது கஷ்டம்.

சட்டமாணவி:
நன்றி ஐயா, நன்றி அண்ணா. ஆனால் 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தண்டனை பெற்றவர்களில் சிலருக்கு ஜாமீன் கொடுத்திருக்கிறதே. 31 வருஷம் காத்திருந்த அம்மாக்களுக்கு இதை எப்படிச் சொல்வது?

பழைய வக்கீல்:
உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும். ஜாமீன் என்றால் தண்டனை ரத்தாகவில்லை, மேல்முறையீடு முடியும்வரை வெளியே இருக்கலாம், அவ்வளவுதான். ஆனால் வலிக்காது என்று நான் சொல்லமாட்டேன். நீதி மிகத் தாமதமாக வந்தது என்று 2018 தீர்ப்பே ஒப்புக்கொள்கிறது. இடையில் எத்தனை தாய் தகப்பன் கண்ணை மூடினார்களோ.

நாளைக்கு நீ வக்கீலாகி இப்படி ஒரு குடும்பம் உன்னிடம் வந்தால், முதல் வாரத்திலேயே எஃப்.ஐ.ஆர். நகலை வாங்கு, புகார் கொடுத்தவருக்கு அது இலவசம். அப்புறம் அந்தத் தேதியின் ஜி.டி., வாகனப் பதிவேடு, ஆயுதப் பதிவேடு, வயர்லெஸ் பதிவு எல்லாவற்றையும் அழிக்காமல் பாதுகாக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் மனுப் போடு. ஆள் அடையாளத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். காகிதத்துக்கு ஆயுள் முடிந்தது என்று அலுவலகமே எரித்துவிட்டால், அப்புறம் யார் வந்தும் மீட்க முடியாது.