டிராப் கேஸ்ல (பொறி வச்சுப் பிடிச்ச லஞ்ச வழக்குல) அப்பாவுக்கு தண்டனை, அப்பீல் நிக்குமா?

சார் வணக்கம், அப்பா கவர்ன்மென்ட் ஆபீஸ்ல கிளார்க், 3000 ரூபா லஞ்சம்னு பிடிச்சாங்க, புகார் குடுத்தவரே கோர்ட்ல இவர் கேக்கவே இல்லன்னு பிறழ்சாட்சி ஆயிட்டார், ஆனாலும் போன வாரம் 3 வருஷம் போட்டுட்டாங்க. கைய கரைசல்ல முக்குனதும் ரோஸ் கலர் ஆச்சுன்னு அதையேதான் தீர்ப்புல திரும்பத் திரும்ப எழுதியிருக்கு. அம்மா சாப்பிடவே மாட்டேங்குறாங்க.

பதில் 1: தம்பி, முதல்ல தேதிய பாருங்க, 60 நாளுக்குள்ள ஹைகோர்ட்ல அப்பீல் போடணும், கூடவே தண்டனைய நிறுத்தி வைக்க மனுவும். கரைசல் ரோஸ் கலர் ஆனது, பொறிக்காக பவுடர் தடவுன நோட்ட தொட்டார்னுதான் காட்டும், கேட்டு வாங்குனார்னு காட்டாது. கேட்டது நிரூபணம் ஆகலேன்னா ஊழல் தடுப்புச் சட்டத்தோட பிரிவு 7 (லஞ்சக் குற்றம்) நிக்காது.

பதில் 2: அண்ணன் சொல்றது சரிதான், ஆனா புகார்தாரர் பல்டி அடிச்சாலே விடுதலைன்னு நம்பிடாதீங்க. 2022 டிசம்பர்ல நீரஜ் தத்தாங்கற அரசு ஊழியரோட லஞ்ச வழக்குல சுப்ரீம் கோர்ட் 5 நீதிபதிகள் சொல்லிட்டாங்க, புகார்தாரர் செத்தாலும் பிறழ்ந்தாலும் மத்த சாட்சி, சூழ்நிலைய வச்சு நிரூபிக்கலாம்னு. ஆனா அதே நீரஜ் தத்தாவுக்கு 2023 மார்ச்ல விடுதலை கிடைச்சுது, கேட்டதுக்கு ஆதாரம் இல்லன்னு! அதனால டிராப்ல கூடப் போன சாட்சியோட குறுக்கு விசாரணைய வரி வரியா படிங்க, உங்க கேஸ் அங்கதான் இருக்கு.

ரொம்ப நன்றிங்க. தண்டனைய நிறுத்தி வச்சா வேலை திரும்ப கிடைக்குமா?

பதில் 1: கிடைக்காதுப்பா. குற்றவாளின்ற தீர்ப்பு அப்படியேதான் இருக்கும், ஊழல் வழக்குல அதையும் நிறுத்தி வைக்கறது ரொம்ப அபூர்வம். இப்போதைக்கு அப்பா வீட்டுக்கு வரட்டும், அம்மாகிட்ட அத சொல்லுங்க.