ஆறாம் வகுப்புக்குக் கோடு, வடிவம், நிறம் எல்லாம் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

கானாடுகாத்தான் டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். செட்டிநாட்டில், கானாடுகாத்தான் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஓவியப் பாடம் எடுக்கிறேன். ஆறு முதல் எட்டு வரை, வாரத்துக்கு ஒரு பீரியட், 40 நிமிடம். கோடு, வடிவம், கன வடிவம், ஒளி நிழல், நிறம், மேற்பரப்பு, வெளி என்று கலையின் அடிப்படைக் கூறுகள் ஏழையும் இந்த வருடம் முறையாக எடுக்க ஆசை. கேட்டால் பிள்ளைகள் ஏழையும் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். ஒரு படத்தைக் காட்டி, "இதில் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது?" என்றால் முழிக்கிறார்கள். எட்டாம் வகுப்பிலும் இலை என்றால் டப்பாவில் இருக்கிற பச்சை, வானம் என்றால் டப்பாவில் இருக்கிற நீலம். அதைத் தாண்டி ஒரு நிறம் வருவதில்லை.

பென்சில், கிரேயான், இரண்டு செட் போஸ்டர் கலர் இருக்கிறது. பெரிதாக வாங்க வழியில்லை. ஒவ்வொன்றாக எடுப்பதா, சேர்த்து எடுப்பதா? எதில் ஆரம்பிக்கலாம்?

காரைக்குடி டிராயிங் மாஸ்டர் (ஓய்வு):

டீச்சர், ஏழையும் போர்டில் எழுதிப் போடுவதை முதலில் நிறுத்துங்கள். கை ஒரு வேலையைச் செய்யட்டும், கண் ஒன்றைப் பார்க்கட்டும், அதற்குப் பிறகு பெயர் சொன்னால் போதும். நீங்கள் இருக்கும் ஊரில் இதற்குக் காசே தேவையில்லை.

ஆத்தங்குடிக் கல்லில், அதாவது நம் வீட்டுத் தரையில் பதிக்கிற பூப்போட்ட சிமெண்ட் கல்லில் ஆரம்பியுங்கள். பழைய அட்டையை 10 செ.மீ. சதுரமாக வெட்டி ஆளுக்கு ஒன்று கொடுங்கள். எதிரெதிரான இரண்டு மூலைகளில் காம்பஸ் முள்ளை வைத்து, 5 செ.மீ. ஆரத்தில் இரண்டு கால்வட்டம் போடச் சொல்லுங்கள். அவ்வளவுதான், கலர் வேண்டாம். தனியாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லை, இரண்டு வளைகோடு. எல்லா அட்டையையும் தரையில் சேர்த்து வைத்து, இஷ்டத்துக்குத் திருப்பச் சொல்லுங்கள். எப்படித் திருப்பினாலும் கோடு அறுந்துபோகாது, ஏனென்றால் ஒவ்வொரு கோடும் பக்கத்தின் சரிபாதியில்தான் போய் முட்டுகிறது. ஓரிடத்தில் நான்கு மூலை சேர்ந்து முழு வட்டம் வரும். இன்னோரிடத்தில் கோடு பாம்பாக நெளிந்து வகுப்பின் மறுபக்கம் போய்விடும். யாருடைய அட்டையிலும் இல்லாத வட்டம் தரையில் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பிள்ளைகளே சண்டை போட்டுப் பதில் கண்டுபிடிப்பார்கள். கோடு மூடினால் வடிவம், மூடிய வடிவத்தைச் சுற்றிக் கிடப்பது வெளி. இப்போது இந்த மூன்று பெயரையும் சொல்லுங்கள். மறக்கவே மாட்டார்கள்.

முடிந்தால் ஆத்தங்குடியில் ஒரு பட்டறைக்கு அழைத்துப் போங்கள். கண்ணாடி மேல் சட்டம் வைத்து, அதற்குள் அச்சை இறக்கி, அறை அறையாக வண்ணச் சிமெண்ட் கரைசலை ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கியதும் நிறங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும், ஆனால் கலக்காது. மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்திக் காயவிட்டு, அப்புறம் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். பூ விழுந்த முகம் கண்ணாடியோடு கீழே கிடக்கிறது, வேலை செய்கிறவர் பார்ப்பது முதுகைத்தான். அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது, பாலிஷ் கிடையாது. ஒரு வடிவத்துக்கு எல்லை என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் காட்டாது.

அடுத்தது ஒளி நிழல். நிறத்துக்கு முன்னால் இதை எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வெளிச்சமும் இருட்டும் பிடிபடாத பிள்ளைக்கு எத்தனை கலர் கொடுத்தாலும் படம் தட்டையாகத்தான் இருக்கும். அனுமதி தருகிற ஒரு பெரிய வீட்டு வாசலில் நிற்க வையுங்கள். முகப்பிலிருந்து பார்த்தால் கதவுக்குள் கதவு, அதற்குள் கதவு என்று பின்தெரு வரைக்கும் தெரியும். முகப்பு இருட்டு, முற்றம் பளீரென்ற வெளிச்சம், அதற்கு அடுத்த கட்டு மறுபடி இருட்டு, பின்முற்றம் மறுபடி வெளிச்சம். கண்ணைப் பாதி மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். தூண், சிற்பம், சாமான் எல்லாம் மறைந்து, கறுப்பும் சாம்பலும் வெள்ளையுமாகச் செவ்வகங்கள் மட்டும் நிற்கும். வகுப்புக்குத் திரும்பியதும் பென்சிலில் ஐந்து கட்டம் போட்டு, வெள்ளையிலிருந்து கறுப்பு வரை படிப்படியாக நிரப்பச் சொல்லுங்கள். அந்த ஐந்து சாயலை மட்டும் வைத்துக்கொண்டு, பெரிய செவ்வகத்துக்குள் சின்னச் செவ்வகமாக அந்த வாசலை வரையட்டும். ஒளி நிழலும் ஆழமும் ஒரே படத்தில் கிடைத்துவிடும். கன வடிவத்துக்கு ஜன்னல் ஓரம், வெள்ளைத் தாள் மேல் ஒரு முட்டை போதும்.

கோட்டுக்கு ஓவியர் கே.எம். ஆதிமூலத்தைக் காட்டுங்கள். காந்தி நூற்றாண்டான 1969 ஒட்டி அவர் மையில் வரைந்த காந்தி படங்கள் எளிதாகக் கிடைக்கும். நிறமே இல்லாமல், வெறும் கோட்டின் அடர்த்தியிலேயே முகம் எழுந்து நிற்கும்.

நெசவு வீட்டுப் பெண்:

மாஸ்டர் ஐயா சொன்னதோடு, நிறத்துக்கு நான் ஒன்று சொல்கிறேன். எங்கள் வீட்டில் கண்டாங்கிச் சேலை நெசவு. 2019ல் காரைக்குடிக் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது பலருக்குத் தெரிந்திருக்கும். வகுப்பில் எந்தப் பிள்ளை வீட்டிலாவது ஒரு பழைய கட்டம் போட்ட சேலை இருக்கும், கொண்டுவரச் சொல்லுங்கள் டீச்சர்.

அரக்கும் மஞ்சளும் மாறிமாறிப் பாவில் (நெடுக்கு நூலில்) ஓடுகிறது, ஊடையிலும் (குறுக்கு நூலிலும்) அதே இரண்டுதான் என்று வையுங்கள். அரக்குப் பாவில் அரக்கு ஊடை விழுந்த கட்டம் சுத்த அரக்கு. மஞ்சள் மேல் மஞ்சள் விழுந்தது சுத்த மஞ்சள். அரக்கும் மஞ்சளும் குறுக்கே சந்திக்கிற கட்டத்தில் மூன்றாவதாக ஒரு செங்காவி மாதிரி நிறம் தெரியும். அப்படி ஒரு நூலைத் தறியில் யாரும் போடவில்லை. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு நூலும் தனித்தனியாகத் தெரியும், நாலு எட்டுத் தள்ளி நின்றால் ஒன்றாகிவிடும். பிள்ளைகள் இதையே கலர் பென்சிலில் செய்யலாம். நெடுக்கே நெருக்கமாக மஞ்சள் கோடு, குறுக்கே நெருக்கமாகச் சிவப்புக் கோடு. சுவரில் ஒட்டிவிட்டுத் தள்ளிப் போய்ப் பார்க்கட்டும்.

பள்ளத்தூர் ஆச்சி:

ஆத்தா, கோலத்தை எல்லோரும் மறந்துவிட்டீர்களே. பொடிக்கோலத்துக் கோடும் மாக்கோலத்துக் கோடும் ஒன்றல்ல. நடுவீட்டுக் கோலம் போடும்போது, அரிசி மாவுக் கரைசலில் முக்கிய துணியை உள்ளங்கையில் பிடித்துப் பிழிந்தால், மாவு மோதிர விரல் வழியாக இறங்கும். வேகமாக இழுத்தால் கோடு மெலியும், தயங்கினால் தடிக்கும். பையன்களையும் போடச் சொல்லு. சிமெண்டுத் தரை கொஞ்சம் இருந்தால் போதும். காயக் காயத்தான் வெள்ளை எடுத்துக் காட்டும், அதனால் போட்ட உடனே அழித்துவிட வேண்டாம்.

மேற்பரப்புக்கு, ஓலைக் கொட்டான் (பனையோலைக் கூடை) மேல் தாளை வைத்துக் கிரேயானைப் படுக்கப் போட்டுத் தேய்த்தால் பின்னல் அப்படியே விழும். வேப்பமரப் பட்டை, செம்புராங்கல், தேக்குக் கதவுச் செதுக்கல் எல்லாம் எடுக்கலாம். சுண்ணாம்பு பூசி இழைத்த பழைய சுவரில் தேய்த்தால் ஒன்றுமே விழாது. அதையும் தேய்த்துப் பார்க்கட்டும், வழுவழுப்பு என்றால் என்ன என்று கைக்குத் தெரியும்.

தேவகோட்டை ஆசிரியர்:

மாஸ்டரோடு ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. பெயரை ரொம்பத் தள்ளிப்போடக் கூடாது. "சார், இது நல்லா இல்ல" என்று மட்டும் சொல்லத் தெரிந்த பையன், "இருட்டு போதாது சார்" என்று சொல்ல ஆரம்பித்ததும் அவன் படம் மாறுகிறது. நான் அன்றன்றைக்கு ஒரு பெயரைக் கொடுத்துவிடுவேன். பக்கத்துப் பிள்ளையின் படத்தைப் பற்றி அந்தப் பெயரை வைத்து ஒரு வாக்கியம் பேசிய பிறகுதான் மணி அடிக்கும்.

கானாடுகாத்தான் டீச்சர்:

ரொம்ப நன்றி ஐயா, நன்றி ஆச்சி. அட்டை வெட்ட ஆரம்பித்துவிட்டேன், பழைய காலண்டர் அட்டை நிறையக் கிடைத்தது. தேவகோட்டை சார் சொன்னதையும் சேர்த்துக்கொள்கிறேன். பிள்ளைகள் பேசிப் பழக வேண்டும் என்பது எனக்கும் தோன்றியதுதான். நிறக் கலவையில் ஒரே ஒரு சந்தேகம். சிவப்பும் நீலமும் கலந்தால் ஊதா என்று சொல்லிக்கொடுக்கிறோம். எங்கள் செட்டில் கலந்தால் சேற்று நிறம்தான் வருகிறது. பிள்ளைகள் என்னைத்தான் பார்க்கிறார்கள்.

காரைக்குடி டிராயிங் மாஸ்டர் (ஓய்வு):

பிள்ளைகள் மேல் குற்றமில்லை டீச்சர், கலரில் இருக்கிறது விஷயம். செட்டில் வருகிற சிவப்பில் பெரும்பாலும் மஞ்சள் சாயல் உண்டு. மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றும் சேர்ந்தால் மண் நிறம்தானே வரும். சிவப்பை எடுத்து வைத்துவிட்டு, ரோஸ் கலரை நீலத்தோடு கலக்கச் சொல்லுங்கள், ஊதா பளிச்சென்று வரும். ஆரஞ்சுக்கு அந்தப் பழைய சிவப்பே நல்லது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கலந்து பார்க்கட்டும்.

பச்சை டப்பாவையும் கறுப்பு டப்பாவையும் கொஞ்ச நாளைக்கு அலமாரியில் பூட்டிவிடுங்கள். வேப்பங்கொழுந்து ஒன்று, முற்றிய இலை ஒன்று, பழுத்து விழுந்தது ஒன்று மேஜையில் வையுங்கள். மஞ்சள், நீலம், துளி சிவப்பு, இவற்றை வைத்து மூன்றுக்கும் மூன்று நிறம் கலக்கட்டும். கலந்ததை அந்த இலை மேலேயே ஒரு பொட்டு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பொட்டு கண்ணில் படாமல் இலையோடு இலையாகப் போனால் நிறம் சரி.