கல்யாணக் கேக்குக்குப் பதில் என்ன பார்த்தீர்கள்? அனுபவங்களைப் பகிருங்கள்

நாகர்கோவிலிலிருந்து:

தை மாதம் மகளுக்குக் கல்யாணம். சர்ச்சில் திருமணம் முடிந்து ரிசப்ஷனில் கேக் வெட்டுவது எங்கள் பக்கம் கட்டாயம் மாதிரி ஆகிவிட்டது. ஆனால் பல இடங்களில் மேலடுக்கு மட்டும்தான் கேக், கீழே உள்ளதெல்லாம் தெர்மோகோலில் பூசிய கிரீம். வந்தவர்கள் எல்லாரும் எடுத்துச் சாப்பிடுகிற இனிப்பாக இருக்கட்டும் என்கிறாள் மகள். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. வேறு நாட்டுக் கல்யாணங்களுக்குப் போனவர்கள் சொல்லுங்களேன்.

பிட்ஸ்பர்க்கிலிருந்து:

அக்கா, மேற்குப் பென்சில்வேனியாவிலும் பக்கத்து ஒஹையோவில் யங்ஸ்டவுன் பகுதியிலும் ‘குக்கி டேபிள்’, அதாவது வீட்டில் சுட்ட பிஸ்கட் வகைகளைப் பரப்பிய மேசை, இல்லாத கல்யாணம் அபூர்வம். கேக் ஒன்று பேருக்கு இருக்கும், சிலர் அதையும் விட்டுவிடுகிறார்கள். கூட்டம் மொய்ப்பது குக்கி மேசையைத்தான்.

என் கணவரோடு வேலை பார்ப்பவரின் மகள் கல்யாணத்தில் மண்டபத்தின் ஒரு சுவர் நீளத்துக்கு மேசை போட்டிருந்தார்கள். சோம்பு மணக்கும் மெல்லிய ‘பிட்செல்லே’, மாவை மரக் கிளிப்பில் சுற்றிச் சுட்டு உள்ளே கிரீம் நிரப்பிய ‘லேடி லாக்’, இரண்டு பாதிகளை ஒட்டிப் பீச் பழம் போலவே நிறம் ஏற்றிய குக்கி, கொட்டைப் பருப்பு பூரணம் வைத்த ‘கொலாச்சி’. இரும்பாலை வேலைக்கு வந்து குடியேறிய இத்தாலியர், போலந்துக்காரர், ஸ்லோவாக்கியர் வீடுகளின் பலகாரங்கள் இவை. பெரிய கேக் வாங்க வசதி இல்லாத காலத்தில் ஆளுக்கு ஒரு தட்டு சுட்டுக் கொண்டுவந்ததில் தொடங்கியது என்று இங்குள்ளவர்கள் சொல்வார்கள்.

எனக்குப் பிடித்தது அதன் பின்னால் நடக்கும் வேலை. பெண்ணின் பெரியம்மா, அத்தை, பக்கத்து வீட்டுப் பாட்டி என்று ஒவ்வொருவரும் ஒரு வகையைப் பொறுப்பெடுத்து, வாரக்கணக்கில் முன்னாலேயே சுட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுகிறார்கள். யார் எதைச் செய்தார்கள் என்று ஒரு சீட்டில் எழுதி வைத்திருந்தார்கள். அந்தப் பாட்டிகள் தங்கள் தட்டு எவ்வளவு காலியாகிறது என்று பார்த்துக்கொண்டே நின்றதை மறக்க மாட்டேன். கிளம்பும்போது ஆளுக்கொரு அட்டைப்பெட்டி, பிடித்ததை நிரப்பிக்கொண்டு போகலாம்.

உங்கள் ஊருக்கு இதைவிடப் பொருத்தமானது எது? முந்திரிக்கொத்து, அச்சப்பம், நெய்யப்பம் எல்லாம் கல்யாண வீட்டில் எப்படியும் செய்வீர்கள். பெட்டிக்குள் மறைக்காமல் மேசையில் பரப்பிவிடுங்கள். முட்டை சேர்த்தது, கொட்டை சேர்த்தது எது என்று மட்டும் எழுதி வையுங்கள், கேட்பவர்கள் இருப்பார்கள்.

ஒஸ்லோவிலிருந்து:

அக்கா, கோபுரம் மாதிரி ஒன்று வேணுமெண்டால் நோர்வேக்காரரின் ‘க்ரான்ஸகாகெ’யைச் சொல்லுவேன். பாதாம், ஐசிங் சீனி, முட்டை வெள்ளைக்கரு. அவ்வளவுதான், கோதுமை மாவும் பட்டரும் இல்லை. பெரிதிலிருந்து சிறிதாக வளையங்கள் சுட்டு, வெள்ளை ஐசிங்கால் ஒட்டி அடுக்குவார்கள். வழக்கமாக 18 வளையங்கள். மே 17 தேசிய நாளுக்கும் கலியாணத்துக்கும் இதுதான். நடுவில் வெற்றிடம், டென்மார்க்கில் அதற்குள் வைன் போத்தல் வைப்பதும் உண்டு.

பரிமாறும் விதம் அழகு. அடி வளையத்தைக் கழற்றி உடைத்துக் கொடுப்பார்கள், அதனால் கோபுரம் கட்டையாகிக்கொண்டு வந்தாலும் கடைசிவரை கோபுரமாகவே நிற்கும். இஞ்சை எங்கட பிள்ளைகளின் கலியாணங்களிலும் இப்ப வைக்கிறார்கள். யாழ்ப்பாணத்துப் பலகாரச்சூடு மாதிரி சொந்தக்காரர் கூடி வளையம் உருட்டுகிற வீடுகளும் உண்டு. சுட்ட பிறகு பெட்டியில் ஒரு பாண் (பிரெட்) துண்டு போட்டு மூடி வைத்தால் உள்ளே மெதுமெதுப்பாக இருக்கும்.

பாரிஸ் புறநகரிலிருந்து:

பிரான்ஸில் ‘க்ரோகம்பூஷ்’. உள்ளே வெற்றிடமாக உப்பி வரும் ‘ஷூ’ என்ற மாவில் சுட்டு, கிரீம் நிரப்பிய சின்னச் சின்ன உருண்டைகளைக் காய்ச்சிய சர்க்கரையில் தோய்த்துக் கூம்பாக ஒட்டுவார்கள். விளக்கை அணைத்து, உச்சியில் மத்தாப்பு ஏற்றிக் கொண்டுவரும்போது எல்லாரும் எழுந்து கைதட்டுவார்கள். ஆளுக்கு மூன்று நான்கு உருண்டை. வெளியே நொறுங்கும் சர்க்கரை, உள்ளே குளிர்ந்த கிரீம், கேக்கை நான் இதற்கு ஈடாகச் சொல்லவே மாட்டேன்.

ஆனால் நாகர்கோவிலுக்கு யோசிக்க வேண்டும். காய்ச்சிய சர்க்கரை காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும், குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலும் அதே கதை. அன்றைக்கே ஒட்டி, சில மணி நேரத்தில் சாப்பிட்டாக வேண்டும். ஜூலை மாதத் தோட்டக் கல்யாணம் ஒன்றுக்கு ஒரு கடை மதியமே கொண்டுவந்து வைத்துவிட்டது. இரவு சாப்பாடு முடிவதற்குள் ஒரு பக்கம் சரிந்து, மணப்பெண் கண் கலங்கிவிட்டாள். ஏசி மண்டபமும், அங்கேயே வந்து ஒட்டித் தரும் ஆளும் இருந்தால் செய்யுங்கள். இல்லையென்றால் நான் பிட்ஸ்பர்க் தோழி பக்கம்தான். முந்திரிக்கொத்து சரியாது.