பிசிஆருக்கு இரண்டு மணி நேரம், ஆராய்ச்சிக்கு ஏன் மூன்று வருடம்?

வினோத்_உயிரி: ஒரு மரபணுவை பிளாஸ்மிடில் (பாக்டீரியாவுக்குள் தனியே பெருகும் வட்ட டிஎன்ஏ) ஏற்ற வேண்டும், அதே மரபணுவை எலியில் நீக்கிப் பார்க்க வேண்டும். புரோட்டோகாலில் (செய்முறைக் குறிப்பில்) உள்ள மணிக்கணக்கைக் கூட்டினால் சில வாரம்தான் வருகிறது. நிஜத்தில் எவ்வளவு வைக்கலாம், எங்கே இழுக்கும்?

அகார்தட்டு: குளோனிங் (மரபணுவை பிளாஸ்மிடில் ஏற்றுவது) மட்டும் சொல்கிறேன். முதல் நாளே பிசிஆர் (மரபணுவைப் பல பிரதி எடுப்பது), ஜெல் (துண்டின் நீளம் பார்ப்பது), லைகேஷன் (லைகேஸ் நொதியால் வெக்டரில், அதாவது வெட்டிய பிளாஸ்மிடில், ஒட்டுவது) முடித்து ஈ.கோலை பாக்டீரியாவில் ஏற்றிவிடலாம். தட்டில் காலனி (பாக்டீரியாப் புள்ளி) தெரிய ஓர் இரவு, அதைத் திரவ ஊடகத்தில் வளர்க்க இன்னோர் இரவு, பிறகு பிளாஸ்மிட் பிரித்து சீக்வென்சிங் (டிஎன்ஏ எழுத்துகளை வரிசையாகப் படிப்பது). எல்லாம் ஒத்துழைத்தால் ஒரு வாரம். நீங்கள் மூன்று வாரம் எழுதுங்கள்.

வழக்கமான தலைவலி: தட்டு நிறையக் காலனி, எதிலும் இன்செர்ட் (நாம் ஒட்ட நினைத்த மரபணு) இல்லை. முதல் நாளே கூடுதலாக இரண்டு தட்டு போடுங்கள். இரண்டிலும் இன்செர்ட் வேண்டாம். ஒன்றில் லைகேஸும் வேண்டாம். லைகேஸ் இல்லாததிலேயே காலனி நிறைய வந்தால் வெக்டர் முழுதாக வெட்டுப்படவில்லை. லைகேஸ் உள்ளதில் மட்டும் வந்தால் வெட்டிய முனைகள் தாமே ஒட்டிக்கொள்கின்றன, அதைத் தடுக்கும் பாஸ்பேடேஸ் நொதி போடுங்கள்.

வால்எலி: எலிக்கு அவசரம் புரியாது. கர்ப்பம் 19–21 நாள், குட்டி இனப்பெருக்கத்துக்குத் தயாராக 6–8 வாரம். ஒரு தலைமுறைக்கு மூன்று மாதம் வையுங்கள். கிரிஸ்பரில் (மரபணுவை வெட்டித் திருத்தும் முறை) பிறக்கும் முதல் குட்டிகள் பெரும்பாலும் மொசைக், அதாவது செல்லுக்குச் செல் மாற்றம் வேறுபடும். அவற்றைச் சாதாரண எலியுடன் சேர்த்து, பிறந்தவற்றில் ஒரே மாற்றம் உள்ளவற்றைத் தமக்குள் சேர்த்த பிறகுதான் இரண்டு பிரதியும் இழந்த எலி கிடைக்கும். அதுவும் நாலில் ஒன்று, அதில் பாதிதான் ஆண். ஆக 10 ஆண் எலிக்கு ஏறக்குறைய 80 குட்டி. ஈற்றுக்கு 7 என்றால் 11, 12 ஈற்று. ஒரு வருடம் போய்விடும், சோதனை இன்னும் தொடங்கியிருக்காது. நெறிமுறைக் குழு அனுமதி இதில் சேரவில்லை.

கேள்விக்கு எலிதான் வேண்டுமா என்று முதலில் யோசியுங்கள். பழ ஈ 25 டிகிரியில் 10 நாளில் அடுத்த தலைமுறை தரும். 18 டிகிரியில் வைத்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும்.

வினோத்_உயிரி: சீக்வென்சிங் முடிவு வருமுன் அடுத்த படியைத் தொடங்கலாமா?

அகார்தட்டு: வேண்டாம். பிசிஆர் நுழைத்த ஒற்றை எழுத்துப் பிழை ஜெல்லில் தெரியாது. இரண்டு நாள் மிச்சம் பிடிக்கப் போய் இரண்டு மாதம் தப்பான புரதத்தோடு மல்லுக்கட்ட நேரும்.

மெல்லநட: வேகமாகப் பெருகும் உயிர் என்றாலும் சில கேள்விகள் இழுக்கும். அமெரிக்க உயிரியலாளர் ரிச்சர்ட் லென்ஸ்கி 1988இல் தொடங்கிய ஈ.கோலை சோதனையில் நாளுக்கு ஆறேழு தலைமுறை. ஆக்சிஜன் உள்ள சூழலில் சிட்ரேட் என்ற உப்பைத் தின்னும் வகை தலைகாட்ட 30,000 தலைமுறைக்கு மேல் ஆனது. அங்கே 500 தலைமுறைக்கு ஒருமுறை மாதிரியை உறையவைக்கிறார்கள். நீங்களும் சரிபார்த்த குளோனை அன்றே கிளிசராலில் கலந்து -80 டிகிரியில் வையுங்கள், இரண்டு குழாய், வேறு வேறு ஃப்ரீசரில்.