பழைய அஞ்சலகக் கட்டடங்கள்: கூரையில், சுவரில் பார்த்ததை எழுதுங்கள்

மஞ்சக்குப்பத்தான்:
கடலூர் பக்கத்துக் கிராமத்து அஞ்சலகம், மெட்ராஸ் டெரஸ்: தேக்குச் சட்டங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பு ஜல்லித்தளமும் போட்ட மொட்டைமாடிக் கூரை. கீழே நின்று பார்த்தால் தேக்குச் சட்டமெல்லாம் கருகருவென்று உறுதியாகத்தான் தெரியும். சுவருக்குள் நுழையும் முனையில் ஸ்க்ரூடிரைவரை அழுத்தினால் புட்டுக்குள் போவதுபோல் 4 அங்குலம் இறங்குகிறது. உதிர்வது ஈரத் தூள். ஆய்வுக்கு வருகிறவர்கள் சட்டத்தின் நடுவில் தட்டிப் பார்த்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்று எழுதித் தருகிறார்கள். காற்றுப் படாத முனைதான் முதலில் உளுக்கும். பாரம் இறங்குவதும் அங்கேதான்.

வைசியாள் வீதி:
உடனே மொட்டைமாடி ஒழுகல் என்று முடிவு கட்டாதீங்க. வெளிச்சுவரில் சிமெண்ட் பூச்சா? சுண்ணாம்புச் சுவர் மழை ஈரத்தை வாங்கி வெயிலில் விட்டுவிடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நிற்கும். கடலோரம் வேறு, உப்புப் பூத்து இடுப்பு உயரத்துக்குப் பூச்சு பொரிந்து கொட்டும். அந்த ஓதத்துக்குள்தான் சட்ட முனை உட்கார்ந்திருக்கு. 2014 நவம்பர் மழையில் புதுச்சேரியின் பழைய நகரமன்றமான மேரி கட்டடம் விழுந்த பிறகும் பழைய சுவரில் சிமெண்ட் அடிக்கிறதைப் பார்த்தால் வயிறு எரியுது.

மஞ்சக்குப்பத்தான்:
சிமெண்ட் பூச்சுதான், மறுக்கலை. ஆனால் அந்த முனைக்கு நேர் மேலே கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று. வேர் போன வழியே தண்ணீரும் போயிருக்கு.

சுண்ணாம்புக் கொத்து:
ரெண்டு பேரும் விட்டது ஒன்று. ஒழுகுது என்று பழைய தளத்தின் மேலேயே 3 அங்குலம் கான்கிரீட் போட்டால் சதுர அடிக்குச் சுமார் 17 கிலோ கூடும். உளுத்த முனை தாங்காது. முதலில் முட்டுக் கொடுங்க. உளுத்ததை அறுத்துவிட்டு நல்ல தேக்கை ஒட்டுப்போட்டு, சுவர்க்குழியில் முனையைச் சுற்றி ஓர் அங்குலம் காற்றுக்கு விடுங்க, கலவையால் அடைக்காதீங்க. பழைய தட்டோட்டையும் (மேலே பதித்த தட்டை ஓடு) ஜல்லித்தளத்தையும் இறக்கிய பிறகே புதுசு. 32 பங்கு செங்கல் ஜல்லிக்கு 12½ பங்கு நீற்றிய சுண்ணாம்பு, மணல் கிடையாது. ஜல்லி முக்கால் அங்குலம், முதல் நாளே ஊறணும். காய்ந்த ஜல்லி கலவையின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், பிடிக்காது. கடுக்காய், வெல்லத் தண்ணீர் தெளித்து மரக்கட்டையால் தட்டணும். கட்டை துள்ளி, தடம் பதியாத நிலை வரும்வரை விடக்கூடாது. வாட்டம் 10 அடிக்கு 2 அங்குலம். ஈரச்சாக்கு 10 நாள். ஐப்பசி மழைக்கு முன்னே தட்டோடும் பதித்து முடிந்திருக்கணும், புரட்டாசியில் ஆரம்பிக்காதீங்க.