சின்ன ஊருக்குக் குடி மாறியவர்களே, வீடும் பள்ளிக்கூடமும் எப்படி அமைந்தது?

வேளச்சேரிக்காரி:
போன வருசம் மே மாதம் அம்பாசமுத்திரத்துக்கு வந்தோம். ஊருக்கு வெளியே புது நகர், மொட்டைமாடியில் நின்றால் மேற்கே முழுசாக மலை. அதிலேயே விழுந்துவிட்டோம். பள்ளிக்கூடம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், வேன் வாசலுக்கே வரும் என்றார்கள். வருகிறது, காலை 6.50க்கு. ஏறுவதில் என் மகள் முதல், இறங்குவதில் கடைசி. ஒருநாள் சாயங்காலம் டிரைவர் அண்ணன் அவளைத் தோளில் போட்டுத் தூக்கி வந்தார். நல்ல தூக்கம். ஒரு ஷூ காலில், இன்னொன்று அவர் கையில். "கடைசி ஸ்டாப்புப் பிள்ளைக எல்லாம் இப்படித்தாம்மா" என்றார். அந்த ஒற்றை ஷூ இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை.

கல்லிடை அப்பளம்:
மே மாதத்தில் யாராவது வீடு பார்ப்பார்களா? இந்தப் பக்கம் புது நகர் என்றாலே பாதி பழைய வயல்தான். ஐப்பசி, கார்த்திகையில் வந்து பார்க்க வேண்டும். நாங்களும் பார்க்கவில்லை. 2023 டிசம்பர் 17 ராத்திரி தண்ணீர் உள்ளே வந்தது. விடிந்து பார்த்தால் அடுப்படியில் வயல் நண்டு ஓடுகிறது. எதிர்வீட்டுத் தாத்தா நிதானமாகச் சொல்கிறார், "இது மடை இருந்த இடம்லா." அட்வான்ஸ் கொடுக்கும்போது நின்று வேடிக்கை பார்த்தவரும் அவர்தான்.

தெற்கத்திக்காரன்:
உங்களுக்கெல்லாம் வீடாவது கிடைத்தது. எங்களிடம் வாடகை பேசி முடித்த பிறகு, "சொந்த ஊர்ல எந்தத் தெரு?" என்று கேட்டார் வீட்டுக்காரர். எதற்குக் கேட்கிறார் என்று தெரியாதா? "தண்ணித் தொட்டிக்குப் பின்னாடித் தெரு" என்றாள் என் மனைவி. மறுநாள் புரோக்கர் போன் செய்தார், வீட்டுக்காரரின் மகளே குடிவருகிறாராம். ஆறு மாதமாக அந்த வீடு பூட்டித்தான் கிடக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
முதலில் எழுதிய அம்மாவுக்கு. வேனைக் குறை சொல்லிப் பயனில்லை, தூரத்துப் பள்ளியைத் தேர்ந்தெடுத்தது நீங்கள். அரசுப் பள்ளியை ஏன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை? 6 முதல் 12 வரை அங்கே படித்தால் மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, 2020லிருந்து இருக்கிறது. அடுத்த வருசமே பொறியியலுக்கும் வந்தது. இடையில் ஒரு வருசம் தனியாருக்கு மாற்றினாலும் கணக்குத் தப்பிவிடும். பெண் பிள்ளை என்றால் கல்லூரிக்குப் போனதும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய். போய்ப் பார்ப்பதென்றால் இன்டர்வெல் நேரத்தில் போங்கள், கழிவறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். மேல்நிலையில் இயற்பியலுக்கும் கணக்குக்கும் ஆள் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். தலைமையாசிரியரிடம் கேட்காதீர்கள், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேளுங்கள். டி.சி. வாங்கும்போது எமிஸ் எண்ணை, அதாவது பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு பிள்ளைக்கும் தரும் அடையாள எண்ணை, சரிபாருங்கள். என் மகனைத் தனியாரில்தான் சேர்த்தேன், அது வேறு கதை.

வேளச்சேரிக்காரி:
ஐயா, என் மகள் யூ.கே.ஜி. ஆற்றுக்கு அந்தப் பக்கம், மடை இல்லாத இடத்தில், எந்தத் தெரு என்று கேட்காத வீடு ஏதாவது இருந்தால் மட்டும் சொல்லுங்கள்.