மது, வலி மாத்திரை, லித்தியம்: அண்ணனை எங்கே சேர்ப்பது?

பாலக்கோடு தம்பி கேட்கிறார்:

அண்ணனுக்கு வயது 36. மனம் மாறி மாறி அதீத உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் போகும் இருமுனைக் கோளாறு இருப்பதால் பல ஆண்டுகளாக லித்தியம் சாப்பிடுகிறார். மாதந்தோறும் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் மாத்திரை வாங்கி வருவது நான்தான். கிரானைட் பட்டறையில் இடுப்பில் அடிபட்ட பிறகு, கூட்டாளி ஒருவர் கொடுத்த டேபென்டடால் என்ற வலி மாத்திரை பழகிவிட்டது. குடி அதற்கு முன்பே உண்டு. இப்போது காலையில் பல் துலக்குவதற்கு முன்பே குவார்ட்டரைத் திறந்தாக வேண்டும்.

பொங்கல் சமயத்தில் அப்பா அவரை அறையில் வைத்துப் பூட்டினார். மறுநாள் மதியம் வலிப்பு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இப்போது அண்ணனே "எங்காவது சேர்த்துவிடு" என்கிறார். உறவினர் சொன்ன ஒரு தனியார் மையத்தில் விசாரித்தேன். "மனநல மாத்திரையும் போதைதான், எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திவிடுவோம், மூன்று மாதத்துக்குப் பார்க்க வரக்கூடாது" என்றார்கள். இது சரியா? முதலில் எதை நிறுத்துவது, குடியையா மாத்திரையையா?

ஊத்தங்கரை வாசகர்:

எங்கள் மாமாவுக்கு அவருக்குத் தெரியாமல் ரசத்தில் ஒரு பொடியைக் கலந்து கொடுத்தோம். கொஞ்ச நாள் குடியைத் தொடவே இல்லை. செலவும் குறைவு. முயன்று பாருங்கள்.

ஓய்வுபெற்ற மனநலச் செவிலியர், கிருஷ்ணகிரி:

ஊத்தங்கரைக்காரரே, இந்த யோசனையை இன்னொருவருக்குச் சொல்லாதீர்கள். இப்படிக் கலக்கப்படுவது பல நேரம் டைசல்ஃபிராம் என்ற குடியை விடவைக்கும் மருந்து. அது உடம்பில் இருப்பது தெரியாமல் ஒருவர் குடித்தால் முகம் சிவக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் விழும், உயிரே போகலாம். மனநோய் உள்ளவருக்கு அது புத்தியைக் கலக்கிவிடுவதும் உண்டு. விவரம் தெரிந்து, சம்மதித்துச் சாப்பிட வேண்டிய மருந்து அது.

தம்பி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். வீட்டில் எதையும் திடீரென்று நிறுத்தாதீர்கள். வலிப்பு ஒருமுறை வந்தவருக்கு அடுத்த முறையும் வரும் வாய்ப்பு அதிகம். குடியை நிறுத்திய முதல் இரண்டு நாளுக்குள்தான் பெரும்பாலும் வலிப்பு வரும். அதைத் தாண்டிவிட்டோம் என்று வீட்டார் மூச்சுவிடும் நேரத்தில், இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள், சன்னி பிடிக்கலாம். ராயக்கோட்டை மண்டியில் தக்காளி தரம் பிரிப்பவர் ஒருவர் எங்கள் வார்டில் இருந்தார். மூன்றாம் நாள் இரவு படுக்கை விரிப்பிலிருந்து தக்காளி பொறுக்கிக்கொண்டே இருந்தார். நல்லதை வலப்பக்கம் வைத்தார், அழுகலைக் கட்டிலுக்குக் கீழே வீசினார். இது எந்த ஊர் என்று கேட்டால் மண்டி என்றார். பழைய மனநோய் திரும்பிவிட்டது என்று அவர் மனைவி அழுதார். அது மனநோய் இல்லை, குடி இறங்கும்போது வரும் சன்னி. நாளும் இடமும் குழம்புவது, வியர்த்துக் கொட்டுவது, நாடி வேகமாக ஓடுவது இவையெல்லாம் அதன் அடையாளம். மனநோய் மாத்திரையை மட்டும் கூட்டினால் அது அடங்காது. அவற்றில் சில வலிப்பைத் தூண்டவும் செய்யும். டயாசெபாம், லோராசெபாம் வகை மருந்தும், குளுக்கோஸுக்கு முன்பே தயாமின் (வைட்டமின் பி1) ஊசியும் வேண்டும். அதனால்தான் மருத்துவமனை என்கிறேன்.

டேபென்டடால் விஷயம் வேறு. அதை நிறுத்தினால் கொட்டாவி, மூக்கு ஒழுகல், மயிர்க்கூச்சு, வயிற்றுப்போக்கு, எலும்பை முறிப்பதுபோல் வலி எல்லாம் வரும். செத்துவிடலாம் என்று தோன்றும், ஆனால் அதனாலேயே சாவது அரிது. ஆபத்து பின்னால் இருக்கிறது: சில வாரம் விட்டவர் பழைய அளவை மறுபடி போட்டால் மூச்சு நின்றுவிடலாம். இதற்கு புப்ரெனார்ஃபின் என்ற மாற்று மருந்து கொடுப்பார்கள், அதுவும் விடுபாட்டு உபாதை தொடங்கிய பிறகுதான். அதோடு தூக்க மருந்தும் சாராயமும் சேர்ந்தால் மூச்சு குறையும் என்பதால் ஆள் கண்முன்னே இருக்க வேண்டும். ஆக, எது முதலில் என்ற கேள்வியே வேண்டாம். இரண்டையும் ஒரே மருத்துவர், ஒரே இடத்தில் பார்க்கட்டும்.

அந்தத் தனியார் மையத்துக்கு அனுப்பாதீர்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மது, போதைப் பழக்கத்தோடு வரும் மனநிலைப் பாதிப்பும் மனநோயில் சேர்த்தி. இப்படிப்பட்டவர்களை வைத்துச் சிகிச்சை தரும் இடம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சங்கிலியால் கட்டுவதற்கு அந்தச் சட்டத்தில் தடை உண்டு. எங்கே போனாலும் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள், இரவில் மருத்துவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். முகம் சுளித்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

ஓசூர் தொழிலாளி:

என் தம்பியை பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் உள்ள போதை மருத்துவப் பிரிவில் காட்டினோம். கூட்டம் அதிகம், விடியற்காலையிலேயே பஸ் ஏறிவிட வேண்டும். ஆனால் மனநோயையும் குடியையும் ஒன்றாகப் பார்த்தார்கள், அதுவே எங்களுக்குப் பெரிய நிம்மதி.

பாலக்கோடு தம்பி:

நன்றி சிஸ்டர். சேர்க்கும் வரை லித்தியத்தைக் கொடுக்கலாமா? இடுப்பு வலிக்கு டேபென்டடாலுக்குப் பதில் கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கி வைத்திருக்கிறார் அம்மா.

ஓய்வுபெற்ற மனநலச் செவிலியர், கிருஷ்ணகிரி:

நல்ல வேளை கேட்டீர்கள். டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென் இரண்டுமே ரத்தத்தில் லித்தியத்தை ஏற்றிவிடும். அந்த டைக்ளோஃபெனாக்கை எடுத்து அம்மாவிடமிருந்து மறைத்து வையுங்கள். வாந்தி, பேதியால் உடம்பில் நீர் வற்றினாலும் லித்தியம் ஏறும். கை நடுங்கும்போது அது குடி இறங்குவதாலா, லித்தியம் ஏறியதாலா என்று பார்வையில் யாராலும் சொல்ல முடியாது. நாக்குக் குழறினாலோ, நடை தள்ளாடினாலோ, பேதி நிற்காவிட்டாலோ அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். மற்றபடி வழக்கம்போல் கொடுங்கள். லித்தியத்தைச் சட்டென்று நிறுத்தினால் பித்து திரும்பலாம், அந்த நிலையில் ஆளைப் பிடித்து வைக்க ஆறு பேர் வேண்டும்.

இன்னொன்று, உங்களுடையது தோட்டம் உள்ள வீடாக இருக்கும். பூச்சிமருந்து டப்பாவை இன்றே வேறு வீட்டுக்கு மாற்றுங்கள். இந்த நாட்களில் மனம் எப்போது எங்கே சாயும் என்று சொல்ல முடியாது. இரவில் பயமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண் 14416க்கு அழையுங்கள், தமிழில் பேசுவார்கள். வலிப்பு வந்தால் 108.

தருமபுரி அரசு மருத்துவமனைக்குப் போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும், காலி அட்டைகள் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். கடைசியாகக் குடித்த நேரத்தைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இரவு லித்தியம் போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தால்தான் அளவு சரியாகத் தெரியும். காலை வேளை லித்தியம் உண்டென்றால் ரத்தம் கொடுத்த பிறகு சாப்பிடட்டும்.